மண்ணில் மறைந்திருக்கும் நோய்

(கமக்காரர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூட அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியோ நெல்லின் விலையைப் பற்றியோ பேசும் தகுதி எனக்கில்லை. 30 ஆண்டுகள் இரத்தமும் சளியும் சீழும் சோதித்துக் காலங்கழித்தவன் நான். ஆகவே, உங்கள் வயற்சேற்றிலே வாழும் ஒரு கிருமியைப் பற்றியே சொல்லப் போகிறேன். அதனால் வரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். நாவிற் புரளாத பெயர்தான். கசத்துக்கும் அம்மைக்கும் நம் பாட்டிமார் அறிந்த பெயர் உண்டு, இதற்கு இல்லை.

1911ஆம் ஆண்டிலே இரங்கூன் நகரத்திலே, விற்மோர் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடன் பணிபுரிந்த கிருஷ்ணசுவாமி என்பவரும், நலிந்து மடிந்த ஏழைகளின் உடல்களைச் சோதித்தபோது புதுவகையான சீழ்க்கட்டிகளைக் கண்டனர். 1912இல் அதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். இலங்கையிலே 1927இல் இந்நோய் பதிவாயிற்று. யாரிடம்? சேற்றில் இறங்கி உழுத கமக்காரனிடமா? இல்லை, ஓர் ஐரோப்பியரிடம்! கமக்காரனுக்கு அக்காலத்தில் இந்நோய் வரவில்லை என்று யார் சொல்வார்? அவனுடைய இரத்தத்தை எடுத்துச் சோதிப்பார் இல்லை, அவ்வளவுதான்.

அதன் பின்னர் பல பத்தாண்டுகளாக, "இலங்கையில் மிக அரிதான நோய்" என்றே இது கருதப்பட்டது. 2006க்குப் பின்னர், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்து நுண்ணுயிரியலாளர்கள், நாட்டின் பல வைத்தியசாலைகளோடு சேர்ந்து இதனைத் தேடத் தொடங்கினர். தேடியதும் கிடைத்தது! ஒருவர் இருவரிடமல்ல, நூற்றுக்கணக்கானோரிடம் கிடைத்தது. கிழக்கு மாகாணத்திலும் வடமேல் மாகாணத்திலும் பிற இடங்களிலும் கிடைத்தது. உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 165,000 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களில் 89,000 பேர் இறக்கின்றனர் என்றும் 2016இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இதையா அரிய நோய் என்பது?

மாரி மழை பெய்து மண் ஊறும்போது இக்கிருமி மேலே வருகின்றது. காலிலுள்ள வெடிப்பு, முள்ளுக் கீறிய காயம், மண்வெட்டி பட்ட புண், இவை போதும் அது உள்ளே நுழைவதற்கு. புயற்காற்றோடு மூச்சிலும், காய்ச்சாத நீரோடு வயிற்றிலும் செல்லக்கூடும். உடல்நலமுள்ளவரை அது பெரும்பாலும் ஒன்றுஞ் செய்வதில்லை. நீரிழிவுக்காரரையே தேடிப் பிடிக்கின்றது. சிறுநீரக நோயுள்ளவர்களும் மதுவுக்கு அடிமைப்பட்டவர்களும் அடுத்தபடி. நீரிழிவு இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் ஒன்று: நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவது மிக மிக அபூர்வம். ஆகையால் நோயாளியின் பாயையும் கோப்பையையும் ஒதுக்கிவைக்கும் கொடுமை வேண்டாம்.

இனி, என் சொந்தக் குற்றமொன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, மார்கழி மாதம். ஐம்பது வயது மதிக்கத்தக்க கமக்காரர் ஒருவர் வந்தார். மூன்று கிழமையாகக் காய்ச்சல், இருமல், காலிலே ஆறாத புண், நீரிழிவும் இருந்தது. சளியிலே கசக்கிருமி இல்லை. ஆயினும் கசமென்றே மருந்து கொடுத்தார்கள். அவருடைய புண்ணிலிருந்து எடுத்த சீழை வளர்ப்புத் தட்டில் இட்டவன் நான். இரண்டாம் நாள் அதில் ஏதோ முளைத்திருந்தது. வெளியிலிருந்து விழுந்த அழுக்கு என்று எண்ணி எறிந்துவிட்டேன். "கிருமி எதுவுமில்லை" என்று துண்டு எழுதிக் கொடுத்தேன். பதினோராம் நாள் அவர் இறந்தார். பல ஆண்டுகளின் பின் ஒரு பயிற்சி வகுப்பிலே, சுருக்கம் விழுந்த அந்த முளைகளை மேசையிற் கண்டபோது என் கை நடுங்கியது. அன்று நான் எறிந்தது இதுதான் என்று உறுதிகூற என்னிடம் ஆதாரமில்லை. எறிந்துவிட்டேனே!

இக்கிருமியின் சூது அப்படிப்பட்டது. சுவாசப்பையில் இருந்தால் கசம் போலத் தோன்றும். ஈரலிலோ மண்ணீரலிலோ மூட்டிலோ இருந்தால் வேறு கட்டி, வேறு வாதம் என்று தோன்றும். பெனிசிலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் அது அஞ்சுவதில்லை. செப்டாசிடிம் அல்லது மெரொபெனெம் என்ற மருந்தை நரம்பு வழியே குறைந்தது 10 முதல் 14 நாட்கள் ஏற்ற வேண்டும். அதன்பின் கோட்றைமொக்சசோல் குளிசையை மூன்று மாதமேனும் விழுங்க வேண்டும். அந்த மூன்று மாதத்திலேதான் நம்மவர் தவறுகின்றனர். காய்ச்சல் விட்டது, அறுவடை வந்தது, குளிசை அலுமாரிக்குப் போயிற்று! நோய் திரும்பி வருகின்றது. இந்நோய் வட அவுஸ்திரேலியாவிலும் உண்டு. உடனே கண்டறிந்து முறையாக வைத்தியஞ் செய்வதால், அங்கே சாவு பத்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்திருக்கின்றது. மருந்தில்லையேல் பெரும்பாலானோர் இறப்பர். கிருமி ஒன்றுதான், மண்ணும் சேறும் ஒன்றுதான்.

சப்பாத்து அணிந்து வயலில் இறங்குங்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. முழங்காலளவு சேற்றிலே சப்பாத்தோடு நடந்து பார்த்தவர் எவரும் சிரிக்காமல் இதைக் கேட்கமாட்டார். இயன்றவர் அணியுங்கள். இயலாதவர் புண்ணை மூடிக் கட்டுங்கள். கரையேறியதும் நல்ல நீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கொதித்தாறிய நீரையே குடியுங்கள். நீரிழிவு உள்ளவர் காலிற் புண் ஆறும்வரை சேற்றில் இறங்காதிருப்பதே மேல். கூலிக்கு ஆள் பிடிக்க வசதியில்லாதவரிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது.

இங்கு வந்திருக்கும் வைத்தியர்களுக்கும் ஆய்வுகூடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். காய்ச்சலோடு வரும் கமக்காரருக்கு மருந்து தொடங்குமுன், இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பாருங்கள். சோதனைத் துண்டிலே "வயல் வேலை, நீரிழிவு" என்று எழுதி அனுப்புங்கள். என் மேசைக்கு வந்த துண்டில் அந்த இரண்டு சொற்களும் இருக்கவில்லை. இச்சோதனைக்கு வேண்டிய வசதியை மாவட்டந்தோறும் தரும்படி கேட்பது, நீர்ப்பாசனம் கேட்பது போன்ற உரிமையே.

வாயிலருகே மேசையில் சிறு அட்டைகள் வைத்திருக்கிறேன். நோயின் பெயரைத் தமிழெழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதியிருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.