படம் பின்னால் நிற்கட்டும், எழுத்து முன்னால் வரட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், இதே மொட்டை மாடியில் புயல் முன்னெச்சரிக்கை பற்றிப் பேசினேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்ததை பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சாய்ந்து கிடந்த தென்னந்தோப்பின் படம் ஒன்று என் போனில் இருந்தது. அதையே எல்லா ஸ்லைடுக்கும் பின்னணியாக வைத்து, மேலே வெள்ளை எழுத்தில் அடித்தேன். கம்ப்யூட்டரில் பிரமாதமாகத் தெரிந்தது.

கூட்டம் முடிந்து இறங்கும்போது முதல் மாடி அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, படம் நல்லா இருந்துச்சு. அவசர நம்பர்னு போட்டியே, அது என்னப்பா? ஒண்ணுமே தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அன்று எல்லோர் மனதிலும் பதிய வேண்டியவை இவைதான். இரண்டும் வெளிறிய வானத்தில் கரைந்து போயிருந்தன.

காரணம் எளிது. ஒரே போட்டோவில் வெளிச்சமும் இருக்கும், நிழலும் இருக்கும். வெள்ளை எழுத்து நிழலில் தெரியும், வானத்தில் மறையும். கறுப்பு எழுத்துக்கு நேர்மாறு.

சரி செய்வது எப்படி? பவர்பாயின்ட்டில் 'டிசைன்' பகுதிக்குப் போய் 'ஃபார்மட் பேக்ரவுண்ட்' என்பதைத் தொடுங்கள். ஒரே நிறம், நிறக் கலவை, படம், கோலம் போன்ற வடிவம் என்று வழிகள் வரும். படம் வைத்தால் கீழே 'டிரான்ஸ்பரன்ஸி' என்ற கோடு இருக்கும். அதை 70, 80 சதவீதத்துக்கு நகர்த்துங்கள். படம் மங்கி வெளிறிவிடும். அதன் மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று நிற்கும். 'அப்ளை டு ஆல்' கொடுத்தால்தான் எல்லா ஸ்லைடும் மாறும். இல்லையென்றால் அந்த ஒன்று மட்டுமே மாறும்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸில், 'ஸ்லைடு' மெனுவில் 'ஸ்லைடு ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'பேக்ரவுண்ட்' இருக்கிறது. கூகுள் ஸ்லைட்ஸில் 'சேஞ்ச் பேக்ரவுண்ட்'.

படத்தை மங்க வைக்க மனம் வரவில்லையா? எழுத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டம் போடுங்கள். போனைப் படுக்கை வாக்கில் பிடித்து எடுத்த படமே அகலத் திரைக்குப் பொருந்தும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் பெரிய திரையில் பிசிறடிக்கும். முடிந்தவரை எடுத்தவரிடமே மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்தானால் 3க்கு 1 போதும் என்பது இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல். ஸ்லைடுக்கும் அது நல்ல அளவுகோல். பராமரிப்புக் கட்டண நிலுவையைச் சிவப்பிலும், கட்டியதைப் பச்சையிலும் காட்டுகிறோம். இந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கலாம். பக்கத்தில் 'நிலுவை', 'கட்டியது' என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

1987இல் பவர்பாயின்ட் முதலில் வந்தபோது அதில் வெறும் கறுப்பு வெள்ளைதான். அதை வைத்தே மக்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணப் பந்தலில் அலங்காரம் எவ்வளவு இருந்தாலும் மாப்பிள்ளை பெண் முகம் தெரிய வேண்டாமா?

இந்த வருஷத்துக்குப் புது ஸ்லைடு தயார். தோப்புப் படம் முதல் பக்கத்தில் மட்டும். நம்பர்களுக்குத் தனி ஸ்லைடு: வெள்ளைப் பின்னணி, கறுப்பில் பெரிய எழுத்து. நேற்று மாலை விளக்குகளைப் போட்டுவிட்டு, அதே அம்மாவைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடாமலே படித்தார்: "ஒண்ணு, சைபர், ஏழு, ஏழு."

நீங்களும் ஸ்லைடு போட்டால், முதலில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள்.