சீவகன் என்னும் திருப்பெயர்
(விழா மேடையில் ஆற்றிய உரை)

 

நம் இல்லங்களில் ஆதிநாதன், நேமிநாதன், தரணேந்திரன் ஆகிய பெயர்கள் நிறைந்துள்ளன. திருத்தக்கதேவர் காவியத் தலைவனாக்கிய சீவகனின் பெயரோ அரிதாகிவிட்டது. அப்பெயர் பிறந்த வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தன் அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சனையால் வீழ்ந்தான். கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியேறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கினாள். அங்கேயே மகவை ஈன்றாள். இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன், உயிருள்ள இக்குழந்தையைக் கையில் ஏந்தினான். அவ்வேளையில் குழந்தை தும்மியது. 'சீவ' என்ற வாழ்த்தொலி எழுந்தது. அதுவே பெயராயிற்று.

'ஜீவ' என்னும் வடசொல்லுக்கு ஏவற்பொருளில் 'வாழ்வாயாக' என்பது பொருள். தும்மியவரை வாழ்த்துவது தொன்மையான வழக்கம். திருக்குறளின் புலவி நுணுக்கத்திலும் தும்மிய கணவனை வாழ்த்தும் மனைவியைக் காண்கிறோம். குழந்தை தும்மினால் நம் பாட்டிமார் 'நூறு' என்பதும் அதே வாழ்த்துதான். பிணம் எரியும் இடத்தில், தந்தையை இழந்த பிள்ளைக்கு அது கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பௌத்த விநய நூலிலும் ஒரு சீவகன் உண்டு. இராசகிருகத்தில் குப்பைமேட்டில் எறியப்பட்ட சிசுவை அபய இளவரசன் கண்டு, உயிருடன் உள்ளதா என வினவினான். 'உயிரோடிருக்கிறது' என்ற விடையே பெயராக, அவன் பின்னர்ப் புகழ்பெற்ற மருத்துவனானான். இருவரும் வேறானவர்கள், பெயர்க் காரணம் மட்டும் வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளது.

நமக்கு இச்சொல்லில் மற்றொரு பொருளும் உண்டு. தத்துவங்களில் முதலாவது ஜீவன், அதாவது உயிர். 'வாழ்க' என்று பெயர் பெற்றவன் இழந்த அரசை மீட்டு ஆண்டான். ஒருநாள் சோலையில், கடுவன் தன் மந்திக்கு அளித்த பலாக்கனியைக் காவலன் பறிப்பதைக் கண்டான். அரசும் இவ்வாறே கைமாறுவது என உணர்ந்து துறவு பூண்டு, வீடுபேறடைந்தான். காவியத்தின் பதின்மூன்றாம் இலம்பகம் முத்தி இலம்பகம் எனப் பெயர் பெற்றது இதனாலேயே.

வாதீபசிம்மரின் வடமொழி நூல்களில் இவன் ஜீவந்தரன். தமிழில் சீவகன் என்றே நிலைத்தான். சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று நம் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார் என்பது நாம் பெருமையுறத்தக்க செய்தி. அந்நூலைக் காத்து விளக்கிய சமூகத்தின் பிள்ளைகளுக்கே இன்று அப்பெயர் புதிதாக ஒலிக்கிறது. எண்கணிதத்துக்கு இசையவில்லை என்று இதனைத் தள்ளுவோரும் உளர். பெயருக்குப் பின்னுள்ள கதையை விட அக்கணக்கு எவ்வகையில் உயர்ந்ததோ, யானறியேன்!

பெயரிட விழையும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து 'சீ' என நெடிலாகவே அமைந்துள்ளதா எனப் பாருங்கள். குறிலாயின் சிவனின் பெயரோடு மயங்கும். 'வாழ்க' என்னும் பொருளும் மறைந்துவிடும். கிரந்த எழுத்தை விரும்புவோர் 'ஜீவகன்' என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே பெயரே.