தொழில்வழிச் சிகிச்சையும் தொழிலறமும்



ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் தொழில் என்றால் கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதுமே. ஆகவே ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்றதும், நோயாளியை விரைவில் மலைக்கு அனுப்பிவைக்கும் சிகிச்சை போலும் என்று எண்ணுவோர் உண்டு. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்தாரின் வைத்தியப் பொறுப்பை உரிமையாளர்மீது சுமத்திற்று. நல்லதுதான். ஆனால் வேலை கொடுப்பவரே மருந்து கொடுப்பவருக்கும் சம்பளம் கொடுப்பவரானார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறிய பின்னரும் இச்சங்கடம் முற்றாக நீங்கவில்லை.

மலையிலே சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. எப்போது பெரட்டுக்கு வருவாள் என்பது துரையின் கேள்வி. அவளோ, மகளுக்குத் தலைபின்னவும் ரொட்டிக்கு மாவு பிசையவும் முதலில் கை வரவேண்டும் என்கிறாள். கொழுந்தைக் கிலோவில் நிறுக்கும் தராசில் இவை ஏறுவதில்லை! எனினும் சிகிச்சையின் இலக்கை வகுக்க வேண்டியவள் அவளே.

மற்றொன்று. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ், நிரந்தர ஊனத்துக்கான பணம் உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்தது. விரல் இத்தனை பாகை மடங்குகிறது என்று சிகிச்சையாளர் எழுதும் எண் அந்தக் கணக்குக்கு ஆதாரமாகலாம். அதை யாருக்காகவும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவளுக்கும் தமிழிலே வாசித்துக் காட்டவேண்டும். தோட்டத்துக்குப் போகும் கடிதத்தில், எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்பது போதும். லயத்து வாழ்க்கையைப் பற்றி அவள் நம்பிச் சொன்னவை அதிலே வேண்டியதில்லை.