வலிப்பு நோயும் நினைவாற்றலும்



வாளையாறு, கொழிஞ்சாம்பாறைச் சிற்றூர்களிலும், மறையூர், மூணாறு மலைத்தோட்டங்களிலும் வாழும் நம் மக்களுள், வலிப்பு நோயைத் தெய்வக் குற்றமென எண்ணுவோர் இன்றும் உளர். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் நாம் அறிந்ததே. இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானே அடங்குகிறது. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பாகும்.

நோயாளர் மூவரில் இருவருக்கு மருந்தே போதும். மருந்துக்கு அடங்காதவர் சிலருக்கு, வலிப்பு தோன்றும் மூளைப் பகுதியை அறுவை செய்து நீக்குவர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-ஆம் ஆண்டிலேயே இதனைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இம்மருத்துவம் நடைபெற்று வருகிறது. இதன் பயன் சிறிதன்று. கனடா நாட்டில் 80 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2001-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின், அறுவைக்கெனப் பிரிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 58 பேர் உணர்விழக்கச் செய்யும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்து மட்டும் உண்டோரில் 8 பேரே விடுபட்டனர்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது: வலிப்போடு நினைவும் போய்விடுமோ? இவ்வச்சம் பொருளற்றதன்று. பெரும்பாலும் அறுவை செய்யப்பெறுவது நெற்றிப்பொட்டின் உட்புறமுள்ள மடலாகும். கடற்குதிரை வடிவில் அமைந்து, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் உறுப்பு அங்கேதான் உள்ளது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்னும் 27 வயது இளைஞருக்கு இருபுறத்தும் இப்பகுதியை நீக்கினர். வலிப்பு தணிந்தது, ஆனால் 2008-இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்தவரை அவரால் நினைவில் வைக்க இயலவில்லை. அதன் பின்னர் மருத்துவர் ஒருபுறத்தை மட்டுமே தொடுகின்றனர். அவ்வாறு செய்யினும், இடப்புறமாயின் சொல் நினைவு குறையக்கூடும்.

எவருக்குக் குறையும் என முன்னறிய இன்று மூளைப்படம் துணைசெய்கிறது. வற்றிய கிணற்றைத் தூர்த்தால் வயலுக்கு நட்டமில்லை. ஊறும் கிணற்றைத் தூர்த்தால் பயிர் வாடும். அதுபோல, எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்வுறுப்பு ஏற்கெனவே சுருங்கிக் கிடந்தால் இழப்புப் பெரும்பாலும் சிறிது. செழுமையாக இருந்து, நினைவுச் சோதனையிலும் நோயாளர் தேறினால் இழப்புக்கு இடம் மிகுதி. செயல்காட்டும் எம்.ஆர்.ஐ. மேலும் ஒருபடி செல்கிறது. நோயாளர் சொற்களை மனத்தில் எண்ணும்போது இரத்த ஓட்டம் மிகும் இடங்களை அது காட்டுகிறது. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், சொல் நினைவின் நிலையை முன்னறிய இதனைப் பயன்படுத்தலாம் என்கிறது. எனினும் படம் சோதிடமன்று. மற்றச் சோதனைகளோடு சேர்த்தே அதனை எடைபோட வேண்டும்.

இங்கு எல்லைப்புறத் தமிழர் கருதவேண்டியது ஒன்றுண்டு. சொல் நினைவைச் சொற்களைக் கொண்டே சோதிக்கின்றனர். வீட்டிலும் தோட்டத்திலும் தமிழே பேசும் ஒருவருக்கு மலையாளச் சொற்களை மட்டும் கொடுத்தால், அவர் தடுமாறுவது நினைவுக் குறையாலா, மொழிக் குறையாலா? பிழையான அளவு பிழையான முடிவுக்கே வழிகோலும். ஆகவே, ‘எனக்குத் தமிழில் சோதனை செய்யுங்கள்’ என்று கேட்பதற்கு நாம் கூசவேண்டுவதில்லை.

அறுவை மருத்துவரின் கையில் உள்ளது, முடிவோ நோயாளருடையது. கணக்கு எழுதிப் பிழைப்பவருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் நினைவிழப்பின் விலை ஒன்றன்று. அடங்காத வலிப்பும் உயிருக்கும் நினைவுக்கும் ஊறு செய்வதே. பெறுவது எது, இழக்கக்கூடியது எது என முன்னரே கேட்டறிந்து, குடும்பத்தாரோடு கலந்து, தெளிந்த உள்ளத்துடன் முடிவு செய்வோமாக.