செவிக்கு எழுதும் தமிழ்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத் தமிழன்பர்கட்கு ஆக்கிய பொழிவின் எழுத்துவடிவம்)



கண்ணொளி இல்லாதார்க்குக் கல்வி இல்லை என்று தமிழ்நிலம் கருதியதில்லை. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம்; கேள்வி 42ஆம் அதிகாரம். கண்வழிக் கற்றலுக்கு ஓரிடம் தந்த வள்ளுவர், செவிவழிக் கற்றலுக்கும் தனியிடம் தந்தார். பழனியிற் பிறந்து, மூன்றாம் அகவையில் அம்மைநோயால் பார்வை இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரத்து அவையில் தம் புலமையை நாட்டினார். நூல்களை ஒருவர் படிக்க, அவர் செவியால் உண்டார்.

திருச்சுழியும் அருப்புக்கோட்டையும், 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை, அந்த இராமநாதபுர மாவட்டத்தோடு இருந்த ஊர்களே. குண்டாறும், மழையை நம்பிய கண்மாய்களும், கரிசற்காடும், தறியோசையும் உடைய இவ்வறண்ட நிலத்தில், பார்வையற்ற ஒருவர் இன்று படிக்க விரும்பினால், அருகிருந்து படித்துக்காட்ட ஒருவரைத் தேட வேண்டியுள்ளது. படித்துக்காட்டுபவர் வந்தால் கல்வி, வாராவிடின் இல்லை. தேர்வு விண்ணப்பமும், வைப்பகக் கணக்கும், நெருங்கிய உறவினர் எழுதிய மடலும் பிறர் கண்வழியே வரவேண்டும் எனின், அவருக்கு மறைவு என்று ஒன்று உண்டா? தன்மதிப்பு என்று ஒன்று உண்டா?

இத்தளையை அறுக்கும் கருவி உண்டு. அதன் பெயர் திரைநவிலி. கணிப்பொறித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் செவிக்குத் தரும் மென்பொருள் அது. நீண்ட காலம் அது விலைமிகுந்த பொருளாகவே இருந்தது. ஆத்திரேலிய நாட்டில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கர்ரன், 2006இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைநவிலியை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற மற்றொரு வல்லுநரான சேம்சு தெ அவரோடு இணைந்தார். விண்டோசில் இயங்கும் அந்நவிலியை எவரும் விலையின்றிப் பெறலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். குனூ பொது உரிமம் இவ்வுரிமைகளைக் காத்து நிற்கிறது.

இம்முறை இவ்வட்டார மக்களுக்குப் புதியதன்று. கண்மாய் ஒருவருக்கு மட்டும் உரிய உடைமையன்று. ஊரார் கூடித் தூர்வாருவர், கரையை உயர்த்துவர், நீரைப் பங்கிடுவர். கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே. ஆயினும், கண்மாய் நிறைந்திருந்தும் மடையிலிருந்து வயலுக்கு வாய்க்கால் இல்லையெனில் பயிர் வாடும். திரைநவிலிக்கு அவ்வாய்க்கால் எது? அதன் பயன்பாட்டுக் கையேடு!

பார்வையுடையார் திரையைக் கண்டு, சுட்டெலியால் தொட்டு, தட்டுத்தடுமாறியேனும் ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்வர். பார்வையற்றவர் விசைகளை நம்பியே இயங்குகிறார். எந்த விசை எதைச் செய்யும் என்பதைச் சொல்லாமல் அவர் அறிவது எப்படி? 'வலமூலையில் உள்ள பச்சை நிறப் பொத்தானைத் தொடுக' என்னும் வரி அவருக்கு வெற்றுரை. படமும் வெற்றுத்தாளே. 'செருகு விசையை அழுத்தியவாறு எண் 1ஐத் தட்டுக. அதன்பின் எந்த விசையைத் தட்டினாலும் அதன் பணியை நவிலி கூறும். மீண்டும் அவ்வாறே தட்டினால் அந்நிலை நீங்கும்' என்று எழுதுவதே கையேட்டு நடை. எதைத் தட்டுவது, தட்டியபின் செவியில் எது விழும், விழாவிடின் என் செய்வது என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும்.

தலைப்புகளும் அவ்வாறே. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. நவிலிக்கு அது வெறும் வரி. தலைப்பு என்று முறைப்படி குறித்தால்தான், பக்கத்தைப் படிக்கும்போது 'எச்' விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ இயலும். இல்லையெனில், நடுவிலுள்ள ஒரு செய்திக்காக முதல் வரியிலிருந்து கேட்டுவர வேண்டும்.

இங்கேதான் தனித்தமிழின் தேவை தலைதூக்குகிறது. தூய தமிழ் என்பது பழம்பெருமைக்காக மட்டும் பேசப்படுவது என்று எள்ளுவார் உளர். அவர்கள் ஒரு திரைநவிலியின் முன் அமர்ந்து கேட்கட்டும்!

தமிழெழுத்துக்கு இடம்நோக்கிய ஒலிப்புமுறை உண்டு. 'கல்' என்பதில் ககரம் வலிந்து ஒலிக்கும். 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து மென்மையுறும். 'பகல்' என்பதில் உயிர்களுக்கிடையே மேலும் நெகிழும். எழுத்தின் முறைப்படி ஒலிக்கும் குரற்பொறி தமிழ்ச்சொல்லைச் செவ்வனே ஒலித்துவிடும். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினாலோ, அம்முறை குலையும். பார்வையுடையவர் 'டூல்பார்' என்று கண்டவுடன் தாம் முன்பறிந்த ஆங்கில ஒலியைத் தாமே கூட்டிப் படித்துக்கொள்வார். குரற்பொறிக்கு அவ்வறிவு ஏது? அது 'பார்' என்றே ஒலிக்கும். பார்வையற்ற ஒருவரிடம் ஒரு கருவி மீண்டும் மீண்டும் 'பார், பார்' என்று கூறுவதைவிடக் கொடிய எள்ளல் உண்டோ? 'கருவிப்பட்டை' என்று எழுதியிருந்தால் ஒலியும் பிழைபடாது, பொருளும் பிழைபடாது.

ஒலிப்பைத் திருத்திக்கொள்ள என்.வி.டி.ஏ.வில் ஒலிப்பு அகரமுதலி உண்டே என்பர். உண்மை. ஆனால், அது ஒருவர் தம் கணிப்பொறியில் செய்துகொள்ளும் திருத்தம். எழுதியவர் செய்த பிழைக்குப் படிப்பவர் ஒவ்வொருவரும் தண்டம் செலுத்துவது முறையாகுமா? விண்டோசு தரும் தமிழ்க் குரல்களுள் ஒன்றன் பெயர் 'வள்ளுவர்'. அப்பெயர் தாங்கிய குரலின் வாயில் 'டெலீட் பட்டனை கிளிக் பண்ணவும்' என்று திணிப்பது எத்துணை இழிவு!

ஆயினும், பிறரைக் கடிந்தமட்டில் கடமை முடியாது. தனித்தமிழ் அன்பர்களும் தங்கள் எழுத்தைச் செவியில் வைத்து நிறுக்க வேண்டும்.

முதலாவது, நீள்தொடர். தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். எச்சங்களை அடுக்கிப் பத்து வரிக்குப்பின் வினையை முடித்தால், கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்ப்பார். செவியால் படிப்பவர் அத்தனையையும் நெஞ்சில் சுமக்க வேண்டும். எனவே, ஒரு தொடருக்கு ஒரு செயலே தகும்.

இரண்டாவது, கூட்டுச்சொல். ஐந்து சொற்களைப் புணர்த்து ஒன்றாக்கினால் புலவர் மகிழலாம், செவி திணறும். பிரித்து எழுதத்தக்க இடத்தில் பிரித்தெழுதுவது தமிழுக்கு இழுக்கன்று.

மூன்றாவது, சொல்லாட்சியில் ஒருமை. ஒரு பொருளுக்கு இன்று 'பட்டி', நாளை 'பட்டியல்', மறுநாள் 'நிரல்' என்று ஆளுக்கொரு சொல் ஆக்குவது தமிழ்ப்பற்று ஆகாது. கையேடு 'அமைப்பு' என்று கூற, நவிலி 'அமைவு' என்று ஒலித்தால், பார்வையற்றவர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். மென்பொருளின் சொற்களும் கையேட்டின் சொற்களும் தனித்தனிக் கோப்புகளாக மொழிபெயர்க்கப்படுகின்றன. இரண்டையும் ஒருசேர வைத்து ஒப்பிடாமல் ஒரு வரியையும் வெளியிடலாகாது.

மற்றொன்றும் உண்டு. அலுவலகத்திலும் கல்லூரியிலும் உள்ள கணிப்பொறிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. ஆகவே, ஒரு விசையை முதன்முறை கூறும்போது, 'இன்சர்ட் என்று பிறர் வழங்கும் செருகு விசை' என எழுதிவிட்டு, பின்னர்த் தமிழ்ப்பெயரையே ஆளலாம். இஃது அயன்மொழிக்கு அடிபணிதலாகாது. கற்பவரை நடுவழியில் கைவிடாமை ஆகும்.

என்.வி.டி.ஏ. ஓராண்டிற்குள் பலமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் சில கட்டளைகள் சேரும், சில மாறும். ஆங்கிலக் கையேடு உடனே மாறுகிறது. தமிழ்க் கையேடு பின்தங்கினால் அது பழைய வழியைக் காட்டி ஏய்க்கும். தமிழாக்கம் ஊதியம் கருதாத் தொண்டர்களால் நடைபெறும் பணி. மேடையில் தமிழ் வாழ்க என முழங்குவோர் ஆயிரவர். ஒரு பதிப்பில் மாறிய பத்து வரிகளைத் தமிழில் திருத்தித் தருவோர் எத்தனை பேர்?

தமிழ் அறிந்தாரும், கணிப்பொறி அறிந்தாரும், பார்வையற்றாரும் சிறுகுழுவாய்க் கூடுக. அருப்புக்கோட்டையில் ஒரு குழு, திருச்சுழியில் ஒரு குழு போதும். ஒருவர் எழுதுக, எழுதியவரே தம் திரையை அணைத்துவிட்டு, தாம் எழுதியதைச் செவியால் மட்டும் கேட்டு அவ்வண்ணமே இயக்கிப் பார்க்க. பின்னர், நவிலியை அதுவரை தொட்டறியாத பார்வையற்ற ஒருவரிடம் அப்பகுதியைத் தருக. எழுதியவர் அருகிருந்து வாய்திறவாதிருக்க. அவர் தடுமாறும் இடம் அவர் குறையன்று; எழுத்தின் குறை. அதனைத் திருத்துக.

நரிக்குடியிலோ பந்தல்குடியிலோ வாழும் பார்வையற்ற மாணவி ஒருத்தி, எவரையும் எதிர்பாராமல், தன் தாய்மொழியில் கையேட்டைக் கேட்டு, தன் விரலால் விசையைத் தட்டி, தன் மடலைத் தானே படிக்கும் நாள் வரவேண்டும். அவள் செவியில் விழும் ஒவ்வொரு சொல்லும் தமிழாய் இருத்தல் வேண்டும். விளங்கும் தமிழாய் இருத்தல் வேண்டும். அதற்குரிய கருவி ஆயத்தமாய் உள்ளது, உரிமையும் உள்ளது. எழுதுவார் முன்வருக!