பின்தங்கும் கணிப்பொறி

காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்யும் தறியை நீங்கள் பார்த்திருக்கலாம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம்; நாடாக்கள் மூன்று, நெய்பவர் இருவர். கரை நாடாவை எறியும் துணையாள் தாமதித்தால் தறியே நிற்கும்.

பள்ளிக் கணிப்பொறிக் கூடத்திலும் இவ்விடர் உண்டு. முப்பது கணிப்பொறிகளுக்கு இயக்க மென்பொருளை வலை வழியே ஒரே ஓட்டமாகச் செலுத்துங்கால், மிக மெதுவாகப் பெறும் ஒன்றுக்காக ஏனையவை காத்திருக்க நேர்கிறது. குற்றம் பல வேளைகளில் பொறியிலன்று, கம்பியில் இருக்கும். விநாடிக்கு 1000 மெகாபிட் செல்ல, வடத்தினுள் உள்ள நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். ஓர் இணை அறுந்தால் வேகம் 100-ஆகத் தாழ்ந்துவிடலாம். 10 கிகாபைட் செல்லக் கணக்குப்படி 80 விநாடி போதும். அப்போதோ 800 விநாடி! இணைப்பு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் ஒருவரும் ஐயுறுவதில்லை.

ஆதலின் வேகத்தை அளந்தே அறிய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி முதலில் வெற்றுச் செய்தியும், பின்னர் 2048 பைட் செய்தியும் அனுப்பி, மறுமொழி வரும் நேர வேறுபாட்டைக் கொண்டு வேகத்தைக் கணித்தது. விநாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் குறைந்தால் மெதுவான இணைப்பு என்பது அதன் வழக்கமான வரம்பு. 2009-இல் வந்த விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, மந்தமானவற்றை விலக்கவோ, தனி அணியாகப் பிரித்து அனுப்பவோ வழி செய்தது. வகுப்பறையில் வாழ்ந்த எனக்குப் பின்னதே உவப்பானது. ஆயினும் அறுந்த இணை அதனால் சீராகாது; யாரேனும் மேசைக்கடியில் குனிந்து அந்த வடத்தை மாற்றியே ஆகவேண்டும்.