பருக்கும் செல், அறுபடும் பேச்சு



இதயம் பெருத்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால், உள்ளே தசைச் செல்கள் பெருகிவிட்டன என்றே பலரும் எண்ணுகிறோம். இல்லை ஐயா! 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு தசைச் செல்தான் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. ஸ்வீடனில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் 2009இல் கண்ட கணக்கு இது. துணைக்கு ஆள் வராத செல், பாரம் ஏற ஏறத் தானே பருக்கிறது. இரத்த அழுத்தம் ஓயாமல் தாக்கினால் தடிக்கிறது. வால்வு கசிந்து இரத்தம் மிகுந்தால் நீள்கிறது.

அந்தச் செல் வாய்மூடித் தவிப்பதில்லை. சிறுநீரகத்துக்கே சேதி அனுப்புகிறது! 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். உப்பும் நீரும் சிறுநீராய்க் கொட்டின. இதயம் ஹார்மோனும் சுரக்கும் என்று உலகம் அறிந்தது. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இன்று எடுக்கும் பிஎன்பி பரிசோதனை, அந்த ஹார்மோனின் நெருங்கிய உறவைத்தான் அளக்கிறது.

என் மனத்தை வாட்டுவது அண்டைச் செல்லோடு பேச்சு அறுவதுதான். தசைச் செல்கள் முனையோடு முனை சேருமிடத்தில், கனெக்சின்-43 என்ற புரதத்தாலான நுண்வாசல்கள் உண்டு. மின்துடிப்பு அவற்றின் வழியே பாய்வதால்தான் கோடிக்கணக்கான செல்கள் ஒருசேரச் சுருங்குகின்றன. நோயுற்ற இதயத்தில் அந்த வாசல்கள் குறைகின்றன. எஞ்சியவையும் முனையை விட்டு விலாப்பக்கம் ஒதுங்குகின்றன. இடையிலிருக்கும் நார்ச்செல்களோ, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை கிடைத்ததும் கொலாஜனைக் குவிக்கின்றன. அந்தத் தழும்பில் மின்துடிப்பு தடுமாறிச் சுழல்கிறது. நன்றாக இருந்தவர் திடீரென்று சாய்ந்தார் என்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆய்வில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஐதராபாத்தின் தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் ஒரு மரபணு மாற்றத்தை அறிவித்தார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. தெற்காசியரில் ஏறத்தாழ 100க்கு 4 பேரிடம் அது இருக்கிறது. இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்புண்டு என்றார்கள்.

நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. செயற்கைப் பம்பு பொருத்திப் பாரத்தைக் குறைத்தபோது, பருத்த செல்கள் மீண்டும் சுருங்கியதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, இரத்த அழுத்த மாத்திரையை உடம்பு தேறிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் இதய மருத்துவரிடம் காட்டி எக்கோ எடுத்துவிடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.